ஒரு தட்டு போதும்

பிரியாவிடை நாளன்று அலுவலகப் பிள்ளைகள் கேக்கை வெட்டி வைத்துக்கொண்டு என்னைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, "மிஸ், இத்தனை வருஷத்துல வேலையில எப்பவாவது பயந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். "என்னைப் பார்த்துத்தான் மத்தவங்க பயந்தாங்க" என்று சொல்லி மழுப்பிவிட்டேன். எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த சங்கதி. எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மனம் உறுத்தியது. பயந்திருக்கிறேன். அதை எழுதித் தந்துவிடலாம் என்று தோன்றியது.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தேன். அப்பா ராமையா, தேயிலை ஸ்டோரில் காயவைக்கும் அறையில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். தோட்டப் பள்ளிக்கூடம், பிறகு கண்டியில் விடுதி, பிறகு பேராதனை, பிறகு கொழும்பில் சில வருடங்கள். கடைசியில் குண்டசாலையில் ஒரு வீட்டு மேல்மாடியில் நடந்த சின்னக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன். நாங்கள் ஏழு பேர். தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் கணினிப் பெட்டிகளைச் செய்தோம். பொத்தான், மோட்டார் போன்றவற்றை அந்தக் கணினியோடு இணைக்கும் டிரைவர் என்ற புரோகிராம்களை எழுதுவது என் வேலை. "என்ன வேலை?" என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் "டிரைவர் எழுதுறேன்" என்று சொல்லப்போய், பாதிப் பேர் நான் பஸ் கம்பெனியில் இருக்கிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பெரியவர் கணேசலிங்கம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்த மாட்டார். ஆளைப் பார்த்தால் பள்ளிக்கூட அதிபர் மாதிரி இருப்பார், சட்டைப் பையில் எப்போதும் சீவிய பென்சில் இரண்டு. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவருடைய வாசிப்பு தொடங்கும். அந்த வாரம் எழுதிய புரோகிராமை அச்செடுத்து மேசையில் வைக்க வேண்டும். எழுதியவர் ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஒரு வரி முடிந்ததும் அவர் பென்சிலை உயர்த்துவார்.

"இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில ஆர் வரலாம், பிள்ளை?"

"யாரும் வர முடியாது சேர்."

"ஏன் வர ஏலாது எண்டு சொல்லும்."

சொல்ல வேண்டும். காரணம் சரியென்றால் இரண்டு வரிக்கும் நடுவில் மெல்லிய கோடு ஒன்று போடுவார். சரியில்லையென்றால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார். நாம் யோசித்து முடிக்கும்வரை வாய் திறக்க மாட்டார். நூறு வரி வாசிக்க மத்தியானம் ஆகிவிடும். புதிதாக வந்தவர்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். நானும் அடித்துக்கொண்டவள்தான்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது புரிந்தால்தான் என் பயமும் புரியும். கணினியில் எல்லாப் புரோகிராம்களுக்கும் அடியில் இருந்து, யாருக்கு எப்போது வேலை என்று பங்கிட்டுக் கொடுப்பது கேர்னல். நாங்கள் முதலில் பாவித்த கேர்னல் பழையது, பெட்டியின் மூளையான புரொசசரும் ஒன்றே ஒன்று. கேர்னலுக்குள் ஒரு வேலை நுழைந்துவிட்டால், அது தானாக முடித்துவிட்டு வெளியே வரும்வரை இன்னொரு வேலை உள்ளே போகாது. வெளியே யாராவது பொத்தானை அழுத்தினால் அந்த அழைப்பு மட்டும் எந்த இரண்டு வரிக்கு நடுவிலும் குறுக்கே வரும். அதையும் கொஞ்ச நேரம் வாசலில் நிறுத்திவைக்க ஒரு கட்டளை இருந்தது. கதவைச் சாத்துவது என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். கதவைச் சாத்தினால் உள்ளே நான் மட்டும்தான்.

பன்விலப் பக்கத்து ஸ்டோர் ஒன்றுக்குப் பெட்டி செய்யும் வேலை வந்தது. அங்கே வாடிய கொழுந்தை உருட்டும் இயந்திரங்களுக்கு அளந்து ஊட்ட மூன்று பெல்ட்டுகள் இருந்தன. பெல்ட் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு சும்மா நிற்கும், பிறகு தானாக ஓடும். வாய்ப்பக்கத்தில் பல் வைத்த உருளை ஒன்று. கொழுந்து அதில் சிக்கிக்கொண்டால் ஆள் கையை விட்டு இழுத்தெடுக்க வேண்டும். சுவரோரம் இருக்கும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கை வைக்கவேண்டும் என்பது சட்டம். ஆனால் மெயினை இறக்கினால் மூன்று பெல்ட்டும் நின்றுபோகும். ஆகவே ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு நிறுத்தும் பொத்தானும், திரும்ப ஓடவிட வேறொரு சாவியும் வைத்துக் கொடுத்தோம். பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் பெல்ட் ஓடாது என்று நாங்கள் உறுதி சொன்னோம்.

முதல் பெட்டி இரண்டு வருடம் சிவனே என்று ஓடியது. பிறகு, பொத்தானுக்கு இன்னும் வேகமாகப் பதில் வேண்டும் என்று புதிய பெட்டி செய்தோம். அதில் புரொசசர் இரண்டு. கேர்னலும் புதிது. உள்ளே உட்கார்ந்து வேலை செய்பவனையும் நடுவில் எழுப்பிவிட்டு, அவசரக்காரனை உட்கார வைக்கும் வசதி அதில் இருந்தது. சேருடைய மனைவிக்குச் சுகமில்லாமல் அவர் அப்போது அடிக்கடி கொழும்புக்குப் போய்வந்தார். போகும் முன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"பழைய கோடு ஒண்டும் இனிச் செல்லாது பிள்ளை. இப்ப உள்ளுக்க ரெண்டு பேர். எல்லாத்தையும் முதலிலயிருந்து வாசியும்."

"சரி சேர்."

எல்லாவற்றையும் வாசித்தேன், ஒன்றைத் தவிர. பொத்தானுக்கான டிரைவர் நானே எழுதியது. எனக்கு மனப்பாடம். இரண்டு வருடம் ஒரு பிழை வராமல் ஓடியது. அதன் பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அவர் போட்ட கோடுகளைப் புதிய தாளில் அப்படியே பார்த்துப் போட்டேன். அதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

புதிய பெட்டியை மாட்டிப் பூட்டப் பன்விலக்கு நானே போனேன். மூன்றாம் பெல்ட்டில் நின்றவர் செல்லையா அண்ணன். ஹேவாஹெட்டயில் எங்கள் அப்பாவோடு ஒரே ஸ்டோரில் வேலை செய்து, பிறகு கல்யாணம் கட்டிப் பன்விலப் பக்கம் வந்தவர். என்னைக் கண்டதும் பக்கத்தில் இருந்தவர்களிடம், "இது நம்ம ராமையா மக. பெரிய இஞ்சினியர்" என்று சொல்லிச் சொல்லி என்னைக் கூசவைத்தார்.

அங்கே ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். எல்லோரும் பொத்தானை இரண்டு தரம் தட்டினார்கள். டக் டக்.

"ஏன் அண்ணே ரெண்டு தட்டு?"

"பழைய மிசின்ல தேயிலத் தூசி பொத்தானுக்குள்ள போயிரும் புள்ள. மொத தட்டு தூசிக்கு, ரெண்டாவது மிசினுக்கு. அப்பிடியே பழகிப்போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பொத்தான் அழுத்தும் ஒவ்வொரு தரமும் பெட்டியில் பதிவாகும். இரட்டை இரட்டையாக விழுந்து பதிவேடு குப்பையாகும் என்ற எரிச்சலும் வந்தது. "இது கம்ப்யூட்டர். பக்கத்து வீட்டுக் கதவ தட்டுற மாதிரி தட்டாதீங்க. ஒரு தட்டு போதும்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். என் குணம், விடவில்லை. மூன்று வெள்ளைக் காகிதம் வாங்கி, 'ஒரு முறை மட்டும் அழுத்தவும்' என்று பெரிய எழுத்தில் எழுதி, மூன்று பொத்தானுக்கும் மேலே ஒட்டிவிட்டு வந்தேன்.

கிழமைக்கு ஒரு தரம் ஸ்டோரிலிருந்து முறைப்பாட்டுத் தாள் ஃபேக்ஸில் வரும். மூன்றாவது வாரம் வந்த தாளில் செல்லையா அண்ணனின் கோணல் எழுத்து இருந்தது. 'மூணாம் நம்பர். வெளக்கு எரியுது. பெல்ட்டு போகுது.' அலுவலகத்தில் இருந்த அதே மாதிரிப் பெட்டியை மேசையில் வைத்துப் பொத்தானை ஐம்பது தரம் அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. 'இயக்குபவர் கவனமாக இருக்க வேண்டும்' என்று பதில் எழுதி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சேர் கொழும்பில் இருந்தார். வாசிப்பை நான் நடத்தினேன். இன்னொருவர் எழுதிய வேறொரு டிரைவர். எழுதியவர் வாசித்துக்கொண்டு போக, நான் சேர் மாதிரியே பென்சிலைத் தூக்கி, "இந்த இடத்துல யார் வரலாம்?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "கதவைச் சாத்தியிருக்கேன் மிஸ். ஆனா அது இந்தப் புரொசசரோட கதவு மட்டும்தானே. மத்த புரொசசர் அதன் பாட்டுக்கு வரும்" என்றார்.

நான் வாசிக்காமல் விட்ட பொத்தான் டிரைவர் ஞாபகம் வந்தது. எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து என்னுடைய தாளை எடுத்தேன்.

ஒவ்வொரு பெல்ட்டுக்கும் கணினியின் நினைவில் ஒரு குறிப்பு இருந்தது. அதில் 'ஓடு' அல்லது 'நில்', கூடவே ஓர் எண். டிரைவரின் ஒரு பகுதி நொடிக்குப் பல தரம் வந்து, அந்தக் குறிப்பை எடுத்து, எண்ணைக் கூட்டி, திரும்ப வைக்கும். எடுத்ததற்கும் வைத்ததற்கும் நடுவில் யாராவது பொத்தானை அழுத்தி 'நில்' என்று மாற்றினால், அதற்கு மேல் பழைய 'ஓடு' வந்து விழும். நில் என்பது தொலைந்துபோகும். அதைத் தடுக்கத்தான் கதவைச் சாத்தியிருந்தேன். இப்போது வீட்டுக்கு இரண்டு கதவு. நான் ஒன்றைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, பொத்தானின் அழைப்பு மற்றக் கதவால் வந்துபோகும். விளக்கை எரியவைப்பதோ டிரைவரில் பொத்தானைக் கவனிக்கும் பகுதி. ஆகவே விளக்கு எரியும். பெல்ட் அந்த நேரம் சும்மா நிற்கும் முறையில் இருந்தால், நின்றது என்றே ஆள் நினைப்பார். கையை விடுவார். அதன் முறை வந்ததும் பெல்ட் ஓடும்.

அந்த இடைவெளி கண்ணிமைப்பதைவிடச் சிறியது. இரண்டாவது தட்டு ஒன்று வந்தால், அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடும். டக் டக் என்று தட்டும்வரை அவர்களுக்கு ஆபத்தே இல்லை. அதை நிறுத்தச் சொன்னவள் நான்.

ஸ்டோருக்குப் போன் எடுத்தேன். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர்தான் பேசினார், பின்னால் இயந்திரச் சத்தம்.

"மெயின் சுவிட்சை இறக்குங்க ஐயா. உடனே. பெட்டியில பிழை இருக்கு."

"என்ன மிஸ் சொல்றீங்க? கொழுந்து மலையா குமிஞ்சு கெடக்கு. இப்ப நிப்பாட்டுனா தொரைக்கு யாரு பதில் சொல்றது? ஒங்க பெரியவர பேசச் சொல்லுங்க."

"அவர் கொழும்பில. போன் போகல்ல. அப்ப ஒன்னு செய்ங்க, ஆளுங்கள ரெண்டு தரம் தட்டச் சொல்லுங்க."

"நீங்கதானே மிஸ் ஒரு தரம்னு எழுதி ஒட்டிட்டுப் போனீங்க?" என்றார். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அதன்பிறகு எத்தனை தரம் எடுத்தும் கிடைக்கவில்லை.

மாற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு ஓடி ஓர் ஆட்டோ பிடித்தேன். பழைய ஒற்றைப் புரொசசர் பெட்டி அது, வயரும் பட்டரியுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது யுத்த காலம் என்பதை அந்த அவசரத்தில் மறந்தே போனேன். வத்தேகமைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். ஒரு சிப்பாய் என் மடியைப் பார்த்தார். "மே மொனவாத?" என்றார். இது என்ன என்று கேட்கிறார். அடையாள அட்டையைக் கொடுத்தேன். தமிழ்ப் பெயரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், இரண்டு அடி பின்னால் போய் நின்று இன்னொருவரைக் கூப்பிட்டார்.

இறங்கி ஓரமாக நிற்கச் சொன்னார்கள். தேயிலைத் தொழிற்சாலைக்கான கணினி என்று சிங்களத்தில் சொன்னேன். எனக்குத் தெரிந்த சிங்களம் பாதி மறந்துபோனது. நான் பதறப் பதற அவர்களுக்குச் சந்தேகம் கூடியது. பதறாமல் இருக்கவோ என்னால் முடியவில்லை. பெல்ட் ஒரு தரம் நின்று மறுபடி ஓட எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது ஓடும். இப்போது நிற்கும். இப்போது ஓடும். என்னை எங்கேயாவது கொண்டுபோய் அடைத்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் மறுபக்கம். கடைசியில் ஆட்டோக்காரர்தான் இறங்கிவந்து, இந்த நோனா குண்டசாலையில் எங்கள் தெருவில்தான் வேலை செய்கிறார், எனக்குத் தெரியும் என்று அவர்கள் மொழியில் சொன்னார். அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டுவிட்டு விட்டார்கள்.

ஸ்டோருக்குள் ஓடினேன். மூன்றாம் பெல்ட் நின்றிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செல்லையா அண்ணன் குனிந்து, வலது கையை முழங்கைவரை உருளையின் வாய்க்குள் விட்டிருந்தார். பொத்தானுக்கு மேலே என் காகிதம்.

கத்தினால் அந்தச் சத்தத்தில் கேட்காது. கிட்டப்போய் இழுத்தால் திடுக்கிட்டுக் கை பற்களில் மாட்டும். சுவரோரம் ஓடினேன். மெயின் சுவிட்சின் பிடி எண்ணெய்ப் பிசுக்கு, வழுக்கியது. இரண்டு கையாலும் தொங்கி இறக்கினேன். ஸ்டோர் முழுவதும் ஓய்ந்துபோனது. செல்லையா அண்ணன் கையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

டீமேக்கர் ஓடிவந்து திட்டிய திட்டுக்கு நான் வாயே திறக்கவில்லை. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்கும். புதிய பெட்டியைக் கழற்றிப் பழையதைப் பூட்டி, பெல்ட்டுகளைத் திரும்ப ஓடவிட மத்தியானம் தாண்டிவிட்டது. பிறகு சேருடைய போன் கிடைத்தது. கோடுகளைப் பார்த்துப் போட்டதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆருக்கும் ஒண்டும் இல்லையே?"

"இல்ல சேர்."

"அப்ப சரி. மற்றதை வந்து கதைக்கிறன்."

கழற்றிய பெட்டியை ஸ்டோர் மேசையிலேயே வைத்துத் திறந்து பார்த்தேன். அதற்குள் இரண்டு பதிவு இருந்தது. பொத்தான் அழுத்தப்பட்ட நேரங்கள் ஒன்றில், பெல்ட்டுக்கு 'நில்' போய்ச் சேர்ந்த நேரங்கள் மற்றதில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அன்று காலை செல்லையா அண்ணன் அழுத்தியது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது. நான் அப்படி விழுந்தடித்து ஓடியிருக்கத் தேவையில்லை. ஆனால் அவர் தாளில் எழுதியது போக, இந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணியளவிலும் மூன்றாம் பெல்ட்டில் ஓர் அழுத்தம் இருந்தது. மற்றப் பதிவில் அதற்குச் சோடி இல்லை. அந்த அழுத்தத்துக்குப் பிறகு சில நொடிகளில் பெல்ட் ஓடியிருக்கிறது.

செல்லையா அண்ணனைத் தேடிப்போனேன். வெளியே கல்லில் குந்தியிருந்தார்.

"செவ்வாக்கெழம காலையில, பத்து மணி வாக்குல, பொத்தான தட்டிட்டு என்னண்ணே செஞ்சீங்க?"

"செவ்வாக்கெழமையா?" யோசித்தார். "அன்னைக்கா... கைய விடப் போனேன். உருளைய தொடைக்கிற பிரஷ்ஷ ஜன்னல்ல வச்சது ஞாபகம் வந்துச்சு. எடுத்துக்கிட்டு வந்து பாத்தா பெல்ட்டு ஓடுது. சரி, நாமதான் ஒழுங்கா தட்டலன்னு நெனச்சேன். கவனமா இருக்கணும்னு நீ எழுதி அனுப்பியிருந்தியே."

பதிவில் இன்னொன்றையும் பார்த்திருந்தேன்; அதைக் கேட்காமல் போக மனம் வரவில்லை.

"மத்த ரெண்டு பெல்ட்டுலயும் எல்லாரும் ரெண்டு தட்டுத்தான் தட்டியிருக்காங்க அண்ணே. நான் பேப்பர் ஒட்டுன மறுநாளே ஆரம்பிச்சுட்டாங்க. நீங்க மட்டும் ஏன் ஒன்னோட நிறுத்துனீங்க?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார்.

"அவனுங்க சொன்னானுங்க, மேசையில குந்திக்கிட்டு எழுதுறவங்களுக்கு மிசினப் பத்தி என்னா தெரியும்னு. எனக்குக் கோவம் வந்துருச்சு. சண்ட புடிச்சேன். அது நம்ம ராமையா மக, அது எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுக் கையை மடியில் துடைத்தார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். விரல் இடுக்குகளில் கொழுந்துக் கறை கறுப்பாக ஏறியிருந்தது. ஐந்தும் இருந்தன.